கூடலூருக்கு எந்தச் சட்டத் திருத்தம் முதலில் வேண்டும் என்பதை நகர்மன்றமே தீர்மானிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கூடலூர் நகராட்சிப் பகுதியில் வசிக்கும் வாக்காளர்கள்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
நகர்மன்றத் தலைவர் அவர்கள்,
கூடலூர் நகராட்சி,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: மாநில அரசிடம் நம் நகரம் முன்வைக்க வேண்டிய சட்ட மற்றும் விதித் திருத்தக் கோரிக்கைகளை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளில் கேட்டறிந்து, வரிசைப்படுத்தி, நிதிநிலைக் கூட்டத்தொடருக்கு முன்பாக நகர்மன்றத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்பது போன்ற குறைகளுக்காக இந்த மனுவை எழுதவில்லை. அவற்றை வார்டு உறுப்பினரிடம் சொன்னால் நகராட்சியே தீர்த்துவைக்க முடியும். நகராட்சி எவ்வளவு முயன்றாலும் தன் அதிகாரத்துக்குள் தீர்க்க முடியாத காரியங்கள் கூடலூரில் இருக்கின்றன. அவற்றுக்குச் சட்டமன்றம் ஒரு சட்டத்தைத் திருத்த வேண்டும், அல்லது அரசு ஒரு விதியை மாற்ற வேண்டும். அப்படி மேலிடத்தில் கேட்க வேண்டியவற்றில் எது முதலில், எது அடுத்தது என்பதை ஊர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு நகர்மன்றத்தின் தீர்மானமாகச் சென்னைக்குப் போக வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

தமிழ்நாட்டின் மற்றச் சிறு நகரங்களைவிட நமக்கு இது அவசரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐம்பதாயிரத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் வாழும் ஊர் இது. ஆனால் நம் காலடி மண்ணுக்கென்றே தனியாக ஒரு சட்டம் இருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் முதலான ஜன்மிகளின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், உரிமையில் இருந்த சுமார் 80,000 ஏக்கரை அரசின்கீழ் கொண்டுவர 1969-இல் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது; 1974-இல் நடைமுறைக்கு வந்தது. ஜன்மி தானே பயிரிட்ட நிலத்துக்குப் பிரிவு 8, குத்தகைதாரருக்குப் பிரிவு 9, பயிரிட்டு வந்த மற்றவர்களுக்குப் பிரிவு 10 என்று பட்டா வழங்க வழிசெய்த அந்தச் சட்டம், தோட்டங்களுக்குக் குத்தகை விடப்பட்டிருந்த நிலத்தைப் பிரிவு 17 என்று தனியே நிறுத்திவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை.

பிரிவு 17 நிலத்தில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் தகரக் கூரை, மழை பிடித்துவிட்டால் அதன்மேல் தார்ப்பாய். மின்கம்பம் கீழே சாலையோரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கும். அந்த வீட்டில் ரேஷன் அட்டை இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே முகவரிதான். அந்த முகவரிக்குப் பட்டா மட்டும் இல்லை. அதனால் வங்கிக் கடனும் அரசின் வீட்டுத் திட்டமும் மின் இணைப்பும் பலருக்குக் கைக்கெட்டாமல் போகின்றன. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை அடித்து ஒரு சுவர் சரிந்தால், அதைத் திரும்ப எழுப்பலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல் குடும்பமே மழையில் நிற்கிறது.

இந்த மண்ணைப் பற்றிய வழக்குகள் நாட்டின் சட்ட வரலாற்றில் இடம்பெற்றவை. ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில் காடுகள் தொடர்பான பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 1974-இல் 34-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம், நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த ஐ.ஆர். கொயலோ வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. காடு என்பது எது என்று நாடு முழுவதற்கும் விளக்கம் தந்த 1996 டிசம்பர் 12 உத்தரவும், கூடலூர்ப் பகுதிக் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் பிறந்ததே. இந்தத் தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கெங்கோ இருந்து படிக்கிறார்கள். அவை எஸ்டேட்டுகளும் அரசும் கோவிலகமும் பேசிய வழக்குகள். இங்கே குடியிருப்பவர் என்ன கேட்கிறார் என்பதைச் சட்டத்தின் மொழியில் எடுத்துச் சொல்ல, மக்கள் வாக்களித்து அமைத்த மன்றத்தைவிடத் தகுதியான இடம் வேறு எது?

இப்போதும் கோரிக்கைகள் மேலே போகத்தான் செய்கின்றன. வணிகர்கள் ஒன்றைக் கேட்கிறார்கள், சிறு தேயிலை விவசாயிகள் வேறொன்றை, ஆதிவாசி அமைப்புகள் மற்றொன்றை. ஒவ்வொன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் அமைச்சர் வரும் நாளில் அவர் கையில் சேரும் மனுக்கட்டில் எது ஊரின் கோரிக்கை, எது ஒரு தரப்பின் கோரிக்கை என்று யாராலும் பிரித்தறிய முடியாது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்டநாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் தரும்படி கேட்டுக்கொண்டார். மிக நல்ல ஏற்பாடு. கூடலூர்த் தொகுதிக்குள்ளே கூடலூர், நெல்லியாளம் என்று இரண்டு நகராட்சிகள் இருக்கின்றன. தேவர்சோலை, ஓவேலி பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இருக்கின்றன. இத்தனைக்கும் சேர்த்துப் பத்தே பத்து. ஒவ்வொரு மன்றமும் முன்கூட்டியே பேசி முடித்த பட்டியல் ஒன்றை வைத்திருந்தால், உறுப்பினர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவருக்கு அது பெரிய பலம்.

2024 ஏப்ரல் இறுதியில் யானை வழித்தடங்கள் பற்றிய வரைவு அறிக்கை வந்தது. மாநிலம் முழுவதும் 42 வழித்தடங்களைக் குறிப்பிட்ட அந்த அறிக்கைக்குக் கருத்துச் சொல்லக் கிடைத்தவை சில நாட்களே. ஊர் கொதித்துப்போனது. தன் வீடு வரைபடத்துக்குள் வருகிறதா இல்லையா என்றே தெரியாமல் மக்கள் தவித்தார்கள். அவ்வளவு குறுகிய அவகாசத்தில் ஊரின் நிலைப்பாட்டைத் தொகுத்து எழுதுவது எவராலும் ஆகாத காரியம். ஆண்டுதோறும் பேசிப் பதிவு செய்துவைத்த ஊருக்கு அது ஒரே இரவில் ஆகிவிடும்.

எங்கள் மனத்தில் இருக்கும் முதல் கோரிக்கையைத் தங்கள் முன் வைக்கிறோம். பிரிவு 17 நிலத்துக்குப் பட்டா என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் அது கோப்புக்குள்ளேயே கிடக்கும். அந்த நிலத்தில் இருப்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோரின் உரிமை ஜன்மிக்கும் முந்தையது. அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே வழி காட்டுகிறது. புதுச் சட்டம் வேண்டாம், இருக்கும் சட்டத்தை விரைந்து நடைமுறைப்படுத்தக் கேட்க வேண்டும். அடுத்து, 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள். அரசே அவர்களை அழைத்துவந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தது. வேலைக்காலம் முடிந்ததும் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்பது அவர்களுடைய கேள்வி. மூன்றாவது, சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று பயிரிட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிட்ட சிறு விவசாயிகள். கடைசியில், நூற்றுக்கணக்கான ஏக்கரைக் குத்தகையில் வைத்திருக்கும் பெரிய எஸ்டேட்டுகள்.

இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஏழைக் குடும்பங்களின் பின்னால் பெரிய குத்தகைதாரர் மறைந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். அதைக் காரணம் காட்டியே எல்லாருடைய மனுவையும் ஒதுக்கிவைக்கவும் முடியும். ஆகவே நகர்மன்றத் தீர்மானம் எந்தப் பிரிவில், யாருக்கு, எவ்வளவு பரப்புவரை, எந்த ஆண்டுக்கு முன் குடியேறியவர்களுக்கு என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். எங்கள் கருத்தில் முதலில் குடியிருக்கும் வீட்டுமனைக்கு உரிமை. சாகுபடி நிலத்தின் கேள்வி அதற்கு அடுத்தபடி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சபையில் எழுந்து சொல்லட்டும், அதுவும் பதிவாகட்டும்.

காட்டைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். பலாப்பழக் காலத்தில் யானை வீட்டு முற்றத்துக்கே வருகிறது. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்கள் டார்ச் லைட்டோடு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறார்கள். யானை நடக்கும் பாதையை மறித்து வாங்கும் பட்டா நம் பிள்ளைகளுக்கே ஆபத்தாக முடியும். எந்தெந்த இடங்களில் குடியிருப்பை ஏற்கலாம், எங்கே மாற்று இடம் கேட்க வேண்டும் என்பதை அந்தந்தப் பகுதி மக்கள் சொல்வதுபோல் எந்த வரைபடமும் சொல்லாது.

கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகம் வழியான இரவுப் போக்குவரத்துத் தடையை நீக்கக் கேட்க வேண்டும் என்று நம்மில் சிலர் சொல்வார்கள். 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை அங்கே தடை இருக்கிறது; வணிகத்துக்கு அதனால் இழப்பு என்பதும் உண்மை. ஆயினும் அது நம் பட்டியலில் இடம்பெறக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அது கர்நாடக அரசும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்ட காரியம்; காட்டுயிர்களுக்கு அந்த ஒன்பது மணி நேரம் தேவை. அதற்குப் பதிலாக, இரவில் நெஞ்சு வலியோ பிரசவச் சிக்கலோ வந்தால் ஐம்பது கிலோமீட்டர் மலையேறி உதகைக்குப் போக வேண்டியிராமல் இங்கேயே முழுச் சிகிச்சை கிடைக்கக் கேட்போம். பச்சைத் தேயிலை விலை தேயிலை வாரியத்தோடும் ஒன்றிய அரசோடும் பேச வேண்டியது. அது நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் போகட்டும். மலைப்பகுதிக் கட்டட விதிகளில் சிறு வீடுகளுக்கு எளிய அனுமதி வேண்டும் என்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது, அரசாணையோ விதித் திருத்தமோ போதும். எந்தக் கோரிக்கையை எந்தக் கதவில் தட்டுவது என்று பிரிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் விதிகள் வகுத்து நம்மைப் போன்ற சிறு நகரங்களுக்கும் வார்டு குழுவையும் பகுதி சபையையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. அந்தச் சபைகளில் சாக்கடையும் தண்ணீரும் பேசப்படுவது இயல்பு. ஆண்டுக்கு ஒரு கூட்டத்திலாவது, சென்னையில் நமக்காக எது மாற வேண்டும் என்ற கேள்வியைத் தனிப் பொருளாக வைக்கும்படி வேண்டுகிறோம். வீட்டில் மலையாளமும் கன்னடமும் ஆதிவாசி மொழிகளும் பேசுகிறவர்கள் தயக்கமின்றிப் பேச, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். வேலை நாளில் பகல் நேரத்தில் சபை கூடினால் தோட்டத் தொழிலாளி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தால் வருவார்.

பகுதி சபைகள் சொன்னவற்றைத் தொகுத்து, டிசம்பருக்குள் நகர்மன்றத்தின் சிறப்புக் கூட்டம் ஒன்றில் விவாதிக்க வேண்டும். பட்டியலில் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐம்பது கோரிக்கைகளை அனுப்பும் ஊருக்கு முன்னுரிமை என்று எதுவும் இல்லை என்றே மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது குறிப்பேட்டில் இருக்கட்டும். நிறைவேறிய தீர்மானத்தை நகராட்சி அறிவிப்புப் பலகையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டி, சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் துறைச் செயலாளருக்கும் அனுப்ப வேண்டும். சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவுக்கும் ஒரு படி போக வேண்டும். மானியக் கோரிக்கை விவாதம் முடிந்த பிறகு, நம் ஐந்தில் எது பேசப்பட்டது, எதற்கு என்ன பதில் வந்தது என்பதை அடுத்த பகுதி சபையில் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

நில விவகாரம் நகராட்சியின் அதிகாரத்தில் இல்லையே என்று அலுவலர்கள் தங்களிடம் சொல்லக்கூடும். நகராட்சிகளுக்கு உரிய பணிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பொருள்களில் நிலப் பட்டா இல்லை என்பது சரியே. தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அறிவோம். ஆனால் வார்டு வார்டாக மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, காரணங்களோடும் பிரிவு எண்களோடும் எழுதிய தாளை ஒரு துறைச் செயலாளர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்தோம். அந்த ஆண்டுகளில் இப்படியொரு தீர்மானத்தை நிறைவேற்ற ஆளே இல்லை. இன்று மன்றம் இருக்கிறது.

ஆகவே, இந்த மனுவை அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் மன்றப்பொருளாக வைத்து, பகுதி சபைகளுக்கான தேதிகளை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சபைகளில் குறிப்பெடுக்கவும், ஜன்மம் சட்டத்தின் பிரிவுகளை எளிய தமிழில் எழுதி வீடு வீடாகக் கொடுக்கவும் எங்கள் பகுதி இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். தாங்கள் அழைக்கும் நாளில் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூடலூர் நகராட்சி வாக்காளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
சட்டமன்ற உறுப்பினர், கூடலூர்த் தொகுதி
மாவட்ட ஆட்சியர், நீலகிரி மாவட்டம்
நகராட்சி ஆணையர், கூடலூர்