கல்பனாவுக்கு, லித்தியம் பற்றி

அன்புள்ள கல்பனா,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்குத் திட்ட வேண்டியதை நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். என் முட்டி வலியும் சுகமாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் குளோரினின் சராசரி அணு நிறையைக் கண்டுபிடிக்கும் கணக்கு கொடுத்தேன். 35, 37 என்று இரண்டு ஐசோடோப்பு (ஒரே தனிமம், நிறை மட்டும் வேறு), ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்றும் எழுதிப்போட்டேன். பாதிப் பேர் சதவீதத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு! நம் பழைய வாத்தியார் அரைப்புள்ளி சார் இருந்திருந்தால் நோட்டெல்லாம் ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும்.

பலகையில் போட்டுக் காட்டினேன். 35 வகையின் நிறை 34.969, இருப்பது 75.76 சதவீதம்; பெருக்கினால் 26.49. 37 வகையின் நிறை 36.966, இருப்பது 24.24 சதவீதம், அது 8.96. கூட்டினால் 35.45. சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினால், பின் பெஞ்சில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள். அசல் நீயேதான், அதே திமிர். "35.45 நிறை உள்ள குளோரின் அணு எங்கே மிஸ் இருக்கு?"

எங்கேயும் இல்லை! அப்படி ஓர் அணுகூடக் கிடையாது. எல்லா அணு எடையும் ஹைட்ரஜனின் முழு மடங்குதான் என்று 1815இல் பிரவுட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னதற்குப் பெரிய முட்டுக்கட்டையே இந்தக் குளோரின்தான். ஆஸ்டன் என்ற இன்னொரு ஆங்கிலேய விஞ்ஞானி 1919இல் அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவி கட்டி, இரண்டு வகையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய பிறகுதான் குட்டு உடைந்தது. இதைச் சொன்னேன். விட்டாளா? "அந்தச் சதவீதம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதானா மிஸ்?"

என் தூக்கம் போனது அதில்தான். குளோரினுக்குப் பெரிய வித்தியாசம் வராது, சரி. லித்தியத்தை எடுத்துக்கொள். இயற்கையில் லித்தியம்-6 சுமார் 7.5 சதவீதம், மற்றதெல்லாம் லித்தியம்-7. ஹைட்ரஜன் குண்டுக்கு வேண்டியது அந்த 6. அதிலிருந்துதான் குண்டுக்கு எரிபொருளாகும் ட்ரிட்டியம் என்ற கன ஹைட்ரஜன் வரும். பனிப்போர்க் காலத்தில் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ரசாயனப் பாட்டில்களில் அடைத்து விற்றுவிட்டார்கள். 6 குறைந்தால் சராசரி ஏறும் அல்லவா? கடையில் வாங்கும் லித்தியத்தின் அணு நிறை 6.938 முதல் 6.997 வரை எதுவாகவும் இருக்கலாம். அட்டவணையில் 6.94 என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு குண்டு இருக்கிறதடி. நாம் அதைத்தானே பரீட்சைக்கு முன்னால் மனப்பாடம் செய்தோம். எனக்கு அது என்னவோ செய்கிறது.

அப்புறம், உன் ஆய்வகத்தில் லித்தியம் கார்பனேட் பாட்டில் இருக்குமே, லேபிளில் அணு நிறை பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார். நிறை நிரல்மானியில் (ஆஸ்டன் கருவியின் வாரிசுதான்) ஒரு துளி ஏற்றிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அவளுக்கு அடுத்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். சரவணனிடம் மட்டும் கேட்காதே, முழுசாக 7 என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அன்புடன்,
வசந்தி