கொழும்புக்கு வருகிறோம், இன்ச் டேப் எடுத்து வை

டிக்கோயா,
ஞாயிறு இரவு

அன்பு மச்சான் யோகா,

நாங்கள் நலம். நீயும் கலாவும் பிள்ளைகளும் நலம்தானே? தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டு. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், அதனால்தான் தாளை எடுத்தேன். நெட்டை குமாருக்கு மூன்றாவதும் பெண். பட்டாசு மாஸ்டர் பென்சன் வாங்கியும் காலை ஏழரைக்கு ஸ்கூல் கேட்டில் நிற்கிறார், யாரை அடிப்பதற்கோ தெரியவில்லை. மற்ற ஊர்க்கதை எல்லாம் நேரில்.

நேரில் என்றால், ஆமாம், கொழும்புக்கு வருகிறோம். ஒரே நாள், விடிய வந்து ராவைக்குத் திரும்புகிறோம். எல்லோரும் வருகிறோம். அம்மாவும்.

அம்மாவுக்குச் சீனி வியாதி முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது உனக்குத் தெரியும். இப்போது ஒரு வீல் செயார் கிடைத்திருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டி அது போன இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதான். டுபாயிலிருக்கும் தங்கச்சி, "வேனுக்கு நான் காசு அனுப்புகிறேன், அம்மாவுக்குக் கடலைக் காட்டு" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன, காசை அனுப்பிவிட்டாள். இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து ரோட்டுக்கு இறக்குவது யார்?

அந்தப் படிக்கட்டு உனக்கு மறந்திருக்காது, மழையில் நீ உருண்டு வந்து, முன்பு வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் கூப்பிட்ட பழைய பிரட்டுக்களத்தில் நின்றாயே, அதேதான். வீல் செயாருக்குச் சாய்வுப் பாதை கட்டினால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்று சின்னவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். இஸ்தோப்பு முற்றத்தைவிட மூன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 42 அடி. முனியாண்டி அண்ணனின் லீக்ஸ் பாத்தியைத் தாண்டி அவருடைய மாட்டுப்பட்டிக்குள் போய் முடியும். அதனால் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது, மச்சான். கைச்சட்டத்தைப் பிடித்தால் அது கழன்று கையோடு வந்துவிடும், கீழ்ச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். சரிவில் இறக்கும்போது கதிரையைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் நழுவுவார். அம்மாவுக்கு ஒரு கால் இல்லாததால் முன்பாரம் குறைவு, ஏற்றத்தில் தள்ளினால் கதிரை பின்னுக்குக் கவிழப் பார்க்கும். இதெல்லாம் ஒரு தாதி காட்டித் தந்தது. நம் தேயிலைத் தோட்டத்தில் வருத்தக்காரரைக் கம்பளியில் கட்டி, தடியில் தொங்கவிட்டுத் தூக்கிப் போன காலம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. "அதுக்கு இது ராஜாத்தி சவாரி" என்கிறாள்.

மச்சினன் கோச்சியில் போகலாம் என்கிறான். அவனுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோ எடுக்க வேண்டும். பெட்டிக்கு ஏறும் படி நெட்டுக்கு நிற்கிறது, வாசல் ஒடுக்கம், அது ஸ்டேசனில் நிற்கும் நேரத்துக்குள் அம்மாவை ஏற்றி, கதிரையை மடித்து ஏற்றி முடிக்க முடியுமா? கோட்டையில் மேம்பாலப் படி வேறு. சரி, வேன்தான் என்று முடிவு. டொல்பின் வேன், நடு சீட்டைக் கழற்றித் தருவதாக டிரைவர் சொல்லியிருக்கிறான். விடிய மூன்று மணிக்குப் புறப்பட்டால் கினிகத்தேனை, கிதுல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று சுமார் 130 கிலோமீற்றர். கினிகத்தேனை வளைவில் பெரியவள் வாந்தி எடுப்பாள், அதற்குத் தேசிக்காயும் பையும் எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறோம். தோட்டத்திலும் வேலை இல்லை, உங்கள் ஊர் ரோட்டும் கொஞ்சம் மூச்சு விடும்.

எங்கே போவது என்பதில் வீட்டில் பெரிய சண்டை. மச்சினன் பிள்ளைகளுக்குத் தாமரைக் கோபுரம் வேண்டும். லிப்ட் இருக்கிறது, அம்மாவும் ஏறலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. அம்மா கேட்டாள், "அது எவ்வளவு ஒசரம்?" 350 மீற்றர் சொச்சம் என்றேன். "நாம இருக்கிற எடம்?" ஹட்டனே 1,200 மீற்றருக்கு மேலே என்று பெரியவள் சொன்னாள். "அப்ப எதுக்குடா காசு குடுத்து அதுல ஏறணும்?" கோபுரம் அதோடு முடிந்தது.

பெரியவளுக்கு மியூசியம். 1877இல் திறந்த கட்டடம், கீழ்த்தளத்தை மட்டும் பார்த்தாலும் போதும் என்கிறாள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையை நானே வெட்டிவிட்டேன். அங்கேயும் ஏற்றம் இறக்கம்தான், மலையிலிருந்து இறங்கி வந்து இன்னொரு மலையில் வண்டி தள்ளவா? கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு அம்மாவின் நேர்த்தி ஒன்று பாக்கி, கால் எடுக்கும்போது வைத்தது. செவ்வாய்க்கிழமைதான் விசேடம், ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் கதிரையைக் கொண்டுபோக முடியாது. அந்தோனியார் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில்தான் இருப்பார். பக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டிய சிவன் கோயில், அதையும் வெளியில் நின்று கும்பிட்டால் போதும் என்கிறாள். ரோட்டில் ஓடிய சக்கரத்தோடு உள்ளே வரலாமா என்று யாரும் கேட்பதற்கு முன்னால் அவளே ஒதுங்கிக்கொள்கிறாள்.

அம்மா வாய் திறந்து கேட்டது கடலை மட்டும். பெரிய மாமா குடும்பம், தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனபோது, ஹட்டன் ஸ்டேசனில், போகிறவர்களும் நிற்கிறவர்களும் அழுததால் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏற்றிவிட்டதோடு சரி. அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறியதை அம்மா பார்க்கவில்லை. கடலையே பார்க்கவில்லை, இத்தனை வயசுக்கும். காலிமுகத்திடலில் நின்றால் எதிரே இந்தியாவா என்று கேட்டாள். சின்னவள் அட்லஸை விரித்து, நேரே மேற்கே போனால் மாலைதீவுப் பக்கம்தான் போகும், இந்தியா வடக்கே தள்ளி இருக்கிறது என்று காட்டினாள். "தண்ணி ஒண்ணுதானே" என்று அம்மா அட்லஸை மூடிவிட்டாள்.

அந்தக் காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணச் சொல்லிப் பின்னால் வருகிறவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தாராம். டிக்கோயாப் பெண்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பரவாயில்லை, தரை மட்டமாக இருக்கிறதே, அது போதும். மணலில் இறங்கப் படி, அதற்கு அம்மாவைக் கேட்கவும் மாட்டேன். மேலே காற்று வாங்கி, இறால் வைத்த இஸ்ஸோ வடை ஒன்று கடித்தால் போதும். சீனிக்கு வடை ஆகாது என்று நீ ஆரம்பிக்காதே.

இங்கே டவுனில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வாசலில் அழகாகச் சாய்வுப் பாதை, மஞ்சள் கைப்பிடி, வீல் செயார் படம். அதன் உச்சியில் இருக்கிற கதவுக்குப் பூட்டு, பூட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகம் பார்க்கிறார்கள். கடைசியில் அம்மாவைப் படியில் தூக்கித்தான் ஏற்றினோம், இரண்டு போலீஸ்காரர்கள் கை கொடுத்தார்கள். 1996இலேயே ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தாயிற்று, 2006இல் கட்டடங்களுக்கு ஒழுங்குவிதியும் வந்தாயிற்று. நீ கிரிக்கெட் பைத்தியம், டாக்டர் அஜித் பெரேராவைக் கேள்விப்பட்டிருப்பாய். நடுவராக நின்றவர், 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். பொதுக் கட்டடங்களுக்குள் நாங்களும் போக வழி வேண்டும் என்று அவரே வழக்குப் போட்டு, 2011இல் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். நடுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும். லெக் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே பட்டதற்கு எனக்கு எல்பிடபிள்யூ கொடுத்த ஆளும் நடுவர்தான்!

இனி நான் எழுத வந்த விசயம். சரசுவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

போன மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். முந்தின நாள் பின்னேரம் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் கழித்துச் சின்னவள் வந்து, "அப்பா, அப்பாயி டீயை கத்தரிச் செடிக்கு ஊத்துறாங்க" என்றாள். போய்ப் பார்த்தால் கோப்பை காலி, கத்தரித் தூரில் ஆவி பறக்கிறது. கேட்டதற்குச் சூடு அதிகம் என்றாள். ராச் சாப்பாட்டுக்கும் தண்ணீர் தொடவில்லை. மறுநாள் கிளினிக்கில் உதடு வெடித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். சீனி உள்ள உடம்புக்குத் தண்ணீர் குறையவே கூடாது என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார்.

வேறொன்றுமில்லை, மச்சான். அங்கே டொய்லட் கதவு ரெண்டடி, கதிரை நுழையாது. ஆம்பிளைப் பிள்ளை நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பயந்துதான் முந்தின நாளே குடிப்பதை நிறுத்துகிறாள். எனக்கு ஆத்திரம், சத்தம் போட்டேன். அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "மலைக்குப் போன காலத்துல இருந்தே இப்பிடித்தான்டா. கொழுந்து மலையில எங்க போறது? காலையில ஏறினா அந்தி வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் நிப்போம். பொம்பளைக எல்லாருமே அப்பிடித்தான்." அந்த வருமானத்தில்தான் நான் ஏஎல் வரை படித்தேன். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் எனக்குத்தான் முதலில் தருவாள், அவள் குடித்தாளா இல்லையா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆகவே இந்தப் பயணத்துக்கு முதலில் கண்டுபிடிக்க வேண்டியது டொய்லட். கடலும் கோயிலும் அதற்குப் பிறகு. நீ எனக்காகச் செய்ய வேண்டியது இதுதான். காலிமுகத்திடலுக்கு எதிரே இருக்கிறதே புது மால், ஒன் கோல் பேஸ், அங்கே லிப்ட் இருக்கிறது. ஊனமுற்றோர் டொய்லட் எந்த மாடியில், பூட்டாமல் வைத்திருக்கிறார்களா, வேன் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு படியும் இல்லாமல் போகலாமா என்று நீயே நடந்து பார். கதவை அளந்து பார், திறந்தால் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். எங்கள் கதிரை 26. உள்ளே கதிரை திரும்ப ஐந்தடி இடம், கொமட்டுக்குப் பக்கத்தில் கம்பி, கதவு வெளியே திறக்கிறதா, இதையெல்லாம் பார். போட்டோ எடுத்து அனுப்பு. இருக்கிறது என்று வாயால் சொல்லாதே, உன் "இருக்கு"வை நம்பி நான் பட்ட பாடு போதும். ஏதாவது வாங்கினால்தான் விடுவோம் என்று காவல்காரர் நின்றால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம், அது தங்கச்சி கணக்கு. கொச்சிக்கடைப் பக்கம் உன் கடை முதலாளியின் புதுக் கட்டடத்தில் ஒன்று இருப்பதாக எப்போதோ சொன்னாய், அதையும் பார்.

போட்டோ கைக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டப்போகிறேன். கதவை, கம்பியை, கொமட்டை, எல்லாவற்றையும். சரசு கூடவே போவாள், நான் வெளியே நிற்பேன் என்றும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு முந்தின நாள் தேத்தண்ணியை என் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும், கத்தரிச் செடிக்குப் போனால் வேன் கிடையாது. அப்படித்தான் பேரம்.

மத்தியானச் சோற்றுக்கு உன் வீடு இல்லை. உன் பிளாட் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. கலாவிடம் சொல்லிவிடு, கோபிக்க வேண்டாம். நாங்கள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வருகிறோம், நீங்கள்தான் திடலுக்கு இறங்கி வர வேண்டும். பிள்ளைகளுக்குத் தொப்பி எடு. அம்மா ஸ்வெட்டரோடுதான் வருவாள், கொழும்பு வெயில் பற்றிச் சொன்னால் சிரிக்கிறாள்.

தேயிலைத் தூள் கொண்டு வருகிறேன், பிஓபிஎப் ரகம். போன தடவை மாதிரி டஸ்ட் கேட்காதே, அது கடையிலேயே வாங்கலாம். வருகிற ஞாயிறுக்கு முன் போட்டோ வராவிட்டால் எல்பிடபிள்யூ கதையை உன் மகனிடம் முழுசாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
செல்வம்