சிறு பியர் ஆலைகளுக்கு வரிச் சலுகை தேவை

சிங்கப்பூரின் சிறு பியர் ஆலைகள் படும் பாடு பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். அதில் சொன்ன வாடகைச் சுமையும் ஆள் பற்றாக்குறையும் உண்மைதான். ஆனால் கலால் வரியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பியரில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரி. 5 விழுக்காடு பியர் என்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் 3 வெள்ளி. பெரிய ஆலைக்கும் ஒரு கடையின் பின்கட்டில் காய்ச்சுபவருக்கும் ஒரே விகிதம் என்பது எப்படிச் சரியாகும்?

சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு குடும்பம் மாதம் 30 லிட்டர் வரை உரிமமின்றி வீட்டில் தயாரிக்க இங்கே அனுமதி உண்டு. விற்கக் கூடாது, அவ்வளவுதான். நானும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் காய்ச்சுகிறேன். நம் வெக்கையில், பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் கெட்ட வாடையைக் கிளப்பிவிடும் என்பதால், அது புளிக்கும் வாளியில் ஈரத் துண்டைச் சுற்றி மின்விசிறியை வைத்து, இரவிலும் எழுந்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும். இப்படிக் கைத்திறனை வளர்த்துக்கொண்ட நண்பர்கள் சிலர் தொழிலாகத் தொடங்க நினைத்து, வரியைக் கணக்குப் போட்டதும் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். பிரிட்டன் 2002லேயே சிறு ஆலைகளுக்குப் பாதி வரை வரியைக் குறைத்தது. இங்கும் ஆண்டு உற்பத்தி அளவைப் பார்த்துப் படிப்படியாக வரி விதிப்பதை நிதி அமைச்சு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பரிசீலிக்க வேண்டும்.

– வாசகர், தோ பாயோ