மாலைப் படிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையில் இருந்துகொண்டே மாலை நேர முதுநிலைப் படிப்பின் வழியாக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் உரிமம் பெற முயலும் நடுவயதினரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினொரு ஆண்டுகள் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பணியாற்றிவிட்டு, நாற்பத்தொன்றாம் வயதில் அத்தகைய படிப்பில் சேர்ந்து, இன்று ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி வருபவள் என்ற முறையில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தங்களையும் என்னையும் ‘ஆசிரியர்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் மொழி நம்முடையது. அந்த உறவில் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

கல்வி உளவியல், பாடத்திட்ட வடிவமைப்பு, மதிப்பீட்டு முறைகள் ஆகியவற்றை மாலை ஆறு மணிக்கு மேல் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் பகலில்தான் நடக்கிறது. மாணவர்கள் முன் நின்று, அனுபவமுள்ள ஒருவரின் பார்வையில் பாடம் நடத்திக் காட்டாதவருக்குப் பெரும்பாலான நாடுகளில் முழு உரிமம் கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சியில் குறைந்தது இத்தனை வாரங்களைப் பள்ளிகளில் செலவிட வேண்டும் என்ற கணக்கு உண்டு. பகுதி நேரமாகப் படிப்பவர்களுக்கும் அந்தக் கணக்கில் சலுகை இல்லை. இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014இல் வகுத்த விதிமுறைகள், இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும் கற்பித்தல் பயிற்சிக்கே போய்விடுகிறது. பெரும்பாலும் இந்தக் காலத்துக்கு ஊதியம் கிடையாது. கல்விக் கட்டணம் மட்டும் தவறாமல் உண்டு.

நான் சேர்ந்தபோது, “வகுப்புகள் எல்லாம் ஆறு மணிக்கு மேல்தான், வேலையை விட வேண்டியதில்லை” என்று சேர்க்கைப் பிரிவில் சொன்னார்கள். அது பொய்யில்லை, வகுப்புகள் ஆறு மணிக்கு மேல்தான் நடந்தன. கற்பித்தல் பயிற்சி ‘வகுப்பு’ என்ற சொல்லுக்குள் வராது என்பதுதான் எங்களுக்குப் புரியாமல் போயிற்று. கையேட்டின் நடுப்பகுதியில் ஒற்றை வரியாக இருந்த அந்தச் செய்தி மூன்றாம் பருவத்தில் எங்கள் முன் வந்து நின்றபோது, என்னிடமிருந்த ஈட்டிய விடுப்பு முழுவதையும் தீர்த்து, எஞ்சிய வாரங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். என்னுடன் படித்த ஆய்வகப் பணியாளர் ஒருவருக்கு அப்படி விடுப்புத் தர அவரது நிறுவனம் மறுத்துவிட்டது. எங்கள் குழுவிலேயே வேதியியலை மிகத் தெளிவாக விளக்கக்கூடியவர் அவர். இரண்டு பருவங்களுக்குக் கட்டணம் செலுத்திய பிறகு படிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் பயிற்சி நாள்களைக் குறைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். பாடத்தை அறிந்திருப்பது வேறு, அந்தப் பாடம் மாணவர் மனத்தில் எங்கே இடறும் என்று அறிந்திருப்பது வேறு என்பதை, அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் ‘கற்பித்தல் சார்ந்த பாட அறிவு’ என்ற கருத்தாக முன்வைத்தார். அதை ஒரு மாலை வகுப்பில் படித்துத் தேர்விலும் எழுதினேன். ஆனால் அது விளங்கியது பயிற்சிப் பள்ளியில், ஒரு காலை வேளையில்தான். (a+b)² என்பதை விரித்து எழுதச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் a²+b² என்று எழுதியிருந்தார்கள். தவறு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு, சரியான சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். மறுநாளும் அதே விடைதான் வந்தது. 2(a+b) என்பது 2a+2b ஆகும் என்று முந்தைய வாரம் படித்த விதியைப் பிள்ளைகள் உண்மையாகவே நம்பி இங்கும் நீட்டியிருக்கிறார்கள், அது கவனக்குறைவு அன்று என்று என் வழிகாட்டி ஆசிரியர் எடுத்துச் சொன்னார். பிறகு ஒரு சதுரம் வரைந்து, அதன் பக்கங்களை a, b என்று பிரித்து, நான்கு துண்டுகளாக்கிக் காட்டினார். விடுபட்டுப்போன இரண்டு செவ்வகங்களை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். பதினொரு ஆண்டுகள் எண்களோடு வாழ்ந்த எனக்கு அந்தச் சதுரம் தோன்றவே இல்லை.

மாலை வகுப்பிலேயே இதற்கு ஓரளவு மாற்று உண்டு. 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நுண்ணிலைக் கற்பித்தல் முறையில், சில நிமிடப் பாடத்தைச் சிலர் முன் நடத்தி, கருத்துகளைக் கேட்டு, திருத்தி மீண்டும் நடத்துவார்கள். கேள்வி கேட்கும் விதம், குரல், கரும்பலகைப் பயன்பாடு ஆகியவற்றைச் செப்பனிட அது நல்ல வழி. ஆனால் எங்கள் வகுப்பில் மாணவர்களாக நடித்தவர்கள் நாள் முழுதும் வேலை பார்த்துக் களைத்து வந்த சக மாணவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையைப் போலக் குறும்பு செய்ய அவர்களுக்குத் தெம்பு இல்லை.

தற்காலிக உரிமம் தந்து முதல் நாளே வகுப்பை ஒப்படைத்துவிட்டு, இரவில் படித்துக்கொள்ளச் சொல்லும் வழியும் பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. படிப்பவரின் ஊதியச் சிக்கல் அதில் தீர்கிறது என்பது உண்மைதான். ஆனால் நான் முதல் வாரத்தில் செய்த தவறுகளைத் தடுத்து நிறுத்த அந்த அறையில் ஒருவர் இருந்தார், இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

ஊதியம் இல்லாத சிக்கல், உடன் வழிகாட்டி இல்லாத சிக்கல் இரண்டையும் சேர்த்துத் தீர்த்த முயற்சிகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் சிகாகோவில் 2001இலும் பாஸ்டனில் 2003இலும் தொடங்கிய திட்டங்களில், பயிற்சி பெறுபவர் ஓராண்டு முழுவதும் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பிலேயே உதவித்தொகையுடன் பணியாற்றியபடி முதுநிலைப் படிப்பையும் தொடர்கிறார். டென்னசி மாநிலம் 2022இல் ஆசிரியர் பணியை ஊதியத்துடன் கூடிய தொழிற்பழகுநர் திட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. தச்சரும் மின்பணியாளரும் பழகும் காலத்தில் கூலி பெறுவதை இயல்பாகக் கருதும் உலகம், ஆசிரியர் மட்டும் பழகும் காலத்தில் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாள்கள் என்று ஆண்டு முழுவதும் பரப்பிவிடலாம் என்ற யோசனை கேட்கச் சுலபமாக இருக்கிறது. இப்போது என் வகுப்புக்குப் பயிற்சிக்கு வரும் மாலைப் படிப்பு மாணவர் ஒருவருக்கு அவரது அலுவலகம் செவ்வாய், வியாழன் காலைகளை மட்டுமே தந்திருக்கிறது. வியாழனன்று அவர் தொடங்கிய பாடத்தை வெள்ளியன்று நான் முடிக்கிறேன்; தம் பாடம் மாணவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவர் ஒருமுறைகூடக் கண்டதில்லை. தொடர்ச்சியான சில வாரங்களுக்கு ஈடு வேறில்லை, அந்த வாரங்களுக்கு உதவித்தொகை வழங்குவது அரசின் பொறுப்பாக வேண்டும்.

அதுவரை கல்வி நிறுவனங்கள் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘மாலை நேரப் படிப்பு’ என்று அச்சிடும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், எத்தனை பகல்கள் பள்ளியில் இருக்க வேண்டும், அவை எந்தப் பருவத்தில் வரும், ஊதியம் உண்டா இல்லையா என்பதையும் அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழ் அடுத்த முறை இப்படிப்புகளைப் பட்டியலிடும்போது, கட்டணத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்