மழைமானித் தண்ணீரைக் கொட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் தளம் போடுவது பற்றி உங்கள் நாளிதழில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து வாசிக்கிறேன். தளம் போட்டால் ஊற்று அடைபட்டுப் போகும் என்கிறார்கள் ஒரு சாரார். ஊற்றுக்கு மழை போதும், கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் சரி என்கிறார்கள் மற்றவர்கள். குறுவைக்கு நம் பில்டர் பாயின்டில், அதாவது ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றில், ஏறுவது ஆற்றுத் தண்ணீரா, போன ஐப்பசியில் பெய்த மழையா என்பதை அந்தத் தண்ணீரைச் சோதித்தே சொல்ல முடியும். இதை யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழை நாட்களில் காலை 8.30 மணிக்கு மழைமானியைத் திறப்போம். சேர்ந்திருப்பதை அளவு ஜாடியில் ஊற்றி, மில்லிமீட்டரைப் பதிவேட்டில் எழுதி, மாவட்டத்துக்குத் தகவல் சொல்வோம். பிறகு தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுவோம், நடைமுறை அதுதான். அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2, ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை. ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் என்று ஒரு கனமான வகை மிகச் சிறிதளவு உண்டு. இப்படி ஒரே தனிமத்தில் எடை மாறுபடும் வகைகளை ஐசோடோப்புகள் என்பார்கள். இவை இரண்டும் நிலையானவை. கதிரியக்கம் கிடையாது, வருடங்கள் போனாலும் சிதையாது. கனமான மூலக்கூறு ஆவியாகும்போது பின்தங்கும், மழையாகும்போது முந்தி விழும். அதனால் பெய்யப் பெய்ய மேகத்தில் மிஞ்சுகிற ஈரம் இலேசாகிக்கொண்டே போகும். வங்கக் கடலில் வழிநெடுகக் கொட்டிக்கொண்டே வரும் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் நமக்குத் தரும் வடகிழக்குப் பருவமழையில் ஆக்சிஜன்-18 குறைவாக இருப்பது இதனால்தான். காவிரியில் வருவதில் பெரும்பங்கு குடகுப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அரபிக் கடலிலிருந்து வரும் அந்த மழையில் கனமான வகை கூடுதல். மேட்டூரில் தேங்கி வெயிலில் ஆவியாகும்போது அது இன்னும் கூடும். ஆக ஆற்றுக்கு ஓர் அடையாளம், நம் மழைக்கு வேறோர் அடையாளம். பில்டர் பாயின்ட் தண்ணீர் எதன் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால், கால்வாய் எவ்வளவு ஊட்டுகிறது என்பது தெரிந்துபோகும்.

கடலோரத்துக்கு இது இன்னும் அவசரம். உலகெங்கும் மழைநீரில் உள்ள இந்த இரண்டு ஐசோடோப்புகளின் அளவையும் வரைபடத்தில் குறித்தால் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைவதை 1961-இல் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் ஒரு கிணறு உப்பாகிவிட்டால் காரணம் கேட்டு ஊரே இரண்டுபடுகிறது. கடல்நீர் கலந்திருந்தால் உப்பும் ஐசோடோப்பும் சேர்ந்தே கடலின் அளவை நோக்கி நகரும். மண்ணில் கிடந்த பழைய உப்பு கரைந்திருந்தால் உப்பு மட்டும் ஏறும், ஐசோடோப்பு மாறாது. இறால் குட்டையில் வெயிலில் வற்றிய நீர் கசிந்திருந்தால் மழைநீருக்கான அந்த நேர்கோட்டிலிருந்து விலகி நிற்கும். உப்பை மட்டும் அளந்து கொடுக்கும் அறிக்கையால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்து வயல்காரர்கள் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்வதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இது புதிய வித்தையும் அல்ல. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1960-களின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் மாதாமாதம் மழைநீர் சேகரித்துச் சோதித்து வருகின்றன. நம் நாட்டில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்திலும் இதற்கான கருவிகள் இருக்கின்றன.

அலுவலகத்தில் செய்ய வேண்டியது சொற்பம். அளந்து முடித்த தண்ணீர் முழுவதையும் ஒரு கேனில் சேர்க்க வேண்டும்; அப்போதுதான் பெருமழைக்குப் பெரும்பங்கும் தூறலுக்குச் சிறுபங்கும் கிடைக்கும். கேனை ஒவ்வொரு முறையும் இறுக மூட வேண்டும். கொஞ்சம் ஆவியானாலும் கணக்கு கெட்டுவிடும். மாதக் கடைசியில் கலக்கி, ஒரு சின்ன பாட்டிலில் காற்றிடம் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடினால் போதும். கும்பகோணம், மன்னார்குடி, வேதாரண்யம் என்று மூன்று இடங்களில் வரும் ஐப்பசியிலேயே தொடங்கலாம்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் கால்வாயிலும், கரையோர பில்டர் பாயின்ட்களிலும் இதேபோல் எடுக்க வேண்டும். தளம் போடாமல் மிச்சமிருக்கும் பகுதிகளில் முதலில் எடுக்கும்படி நீர்வளம், வருவாய், வேளாண் துறை அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தளம் போட்டு முடித்த பிறகு எடுத்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட நம்மிடம் எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.