வானத்துக்குள் ஒளிந்த ஸகரம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா, நல்லது. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கொஞ்ச நாள் படிக்காதே என்றார்கள். பத்தாம் நாளே மீறிவிட்டேன்.

மீறியது ஒரு சொல்லுக்காக: நெபொ. ரஷ்யன், போலிஷ், செக் எல்லாம் பிரிவதற்கு முன்பிருந்த ஆதி ஸ்லாவிய மொழியில் வானம். அந்த மொழியில் எழுதியது ஒரு வரிகூட இல்லை. மகள்மொழிகளை ஒப்பிட்டு மீட்ட சொல். அதனால் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். வானத்துக்குப் பொருத்தம்தான்!

எழுவாயில் நெபொ. ஆறாம் வேற்றுமையில் நெபெஸெ, பன்மையில் நெபெஸா. நடுவில் இந்த ஸகரம் எப்படி நுழைந்தது? வானம், வானத்தை என்பதில் வரும் அத்துச் சாரியை மாதிரி என்று நினைத்தேன். நீ வகுப்பில் நடத்தியது அப்படி ஊறியிருக்கிறது. ஆனால் இங்கே கதை தலைகீழ். ஸகரம் நுழையவில்லை, முதலிலிருந்தே இருந்தது. ஸ்லாவியம், வடமொழி, லத்தீன் எல்லாவற்றுக்கும் மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பியத்தில் நெபொஸ். மேகம், மூடுபனி என்று பொருள். வடமொழி நபஸ், நம் அகராதியில் உள்ள நபம், லத்தீன் நெபுலா எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஸ்லாவியத்தில் சொல்லின் கடைசி மெய்கள் உதிர்ந்தன. நெபொஸ், நெபொ ஆனது. ஆறாம் வேற்றுமையான நெபெஸெஸ் என்பதிலும் கடைசி ஸகரம் போயிற்று. உள்ளே இருந்ததோ பின்னால் உயிர் நின்றதால் தப்பித்தது.

ரஷ்யனில் ஒருமையில் அதையும் கழற்றிவிட்டார்கள். பன்மையில் மட்டும் நெபெஸா இருக்கிறது, அதுவும் தேவாலய வாசனையோடு. 9-ஆம் நூற்றாண்டில் பைபிளை ஸ்லாவியத்தில் பெயர்த்தபோது 'பரமண்டலங்களில் இருக்கிற' என்பதற்கு இந்தப் பன்மையைத்தான் வைத்தார்கள். ரஷ்யனில் சக்கரத்துக்கான சொல்லில் நேர்மாறாக நடந்தது: பழைய கொலொ போய், ஸகரம் ஒட்டிய வடிவமே இன்று எழுவாயாகிவிட்டது. ஸ்லோவேனியர்கள் கொலொ, கொலெஸா என்று இரண்டையும் காப்பாற்றுகிறார்கள்; சைக்கிளுக்கும் அதே சொல்தான்.

இன்னொன்று. ரஷ்யனில் வாயின் மேற்கூரைக்கும் இதே சொல், உயிரொலி மட்டும் மாறி, 'ந்யோபா'. போலிஷிலோ அது 'வானத்தின் அடி'. நேற்றுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட அண்ணாந்தபோது சட்டென்று தோன்றியது: அண்ணாப்பதும் வாய்க்குள் இருக்கும் அண்ணமும் ஒரே வேரா? உன்னிடம் தொல்காப்பிய உரைகள் இருக்குமே, பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்