கோல்ஃப் கிளாஸ் முடிந்த கையோடு புது டிரைவர் வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் கோச்சிடம் ஐந்தாறு கிளாஸ் போய்விட்டு, "ஆட்டம் முன்னைவிட மோசமாகிவிட்டது, டிரைவரை மாற்றிவிடலாமா?" என்று நம் பெங்களூர் அல்சூர் கடைக்கு வருபவர்கள் நிறைய. டிரைவர் என்றால் நெடுந்தூரம் அடிக்கும் கிளப், அதாவது மட்டை. கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்லைஸ் அடிக்கும், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்தோடும், வலக்கைக்காரருக்குக் கோச் பிடியை வலப்பக்கம் திருப்பிக் கொடுத்ததும், பந்து இடப்பக்கம் ஓட ஆரம்பிக்கும். பழைய ஸ்லைஸுக்கு ஈடுகட்ட இடப்பக்கம் பார்த்தே நின்று பழகிய உடம்பு இன்னும் அப்படியேதான் நிற்கிறது, அதனால்தான். நிலைகொள்ளாத ஸ்விங்குக்கு டிரைவர் வாங்கினால் பணம்தான் வீண்.

ஆனால் க்ரிப்பை, அதாவது கிளப்பின் கைப்பிடி உறையைப் பாருங்கள். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த செவன் அயர்ன் கிளப்பில் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து வழவழவென்று குழி விழுந்திருந்தது. புதுப் பிடியைப் பிடிக்கச் சொன்னோம். பிடித்தார். இரண்டாவது ஸ்விங்கிலேயே விரல் பழைய குழியில் போய் உட்கார்ந்துவிட்டது. கோச் என்னதான் செய்வார், பாவம். க்ரிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தோம்.

அப்புறம் பயிற்சி. பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில் ஒரே கிளப்பால் ஒரே திசையில் நூறு பந்து அடித்தால் கைதான் வலிக்கும். முதல் இருபது பந்தை அரை ஸ்விங்கில், மெதுவாக, கோச் கடைசியாகச் சொன்ன ஒரே ஒரு விஷயத்துக்காக அடியுங்கள். மீதியை மைதானத்தில் ஆடுவதுபோலவே ஆடுங்கள். டிரைவர், அடுத்து அயர்ன், அடுத்து கிட்டத்து அடிக்கான வெட்ஜ். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று குறி பார்த்துவிட்டு வாருங்கள். மைதானத்தில் ஒரே அடி இரண்டு முறை வருவதில்லையே.

பார் 72 மைதானத்தில், அதாவது 72 முறை அடித்து ஆட்டத்தை முடிக்க வேண்டிய மைதானத்தில், 36 முறையைப் பட்டிங்குக்கே, பந்தை ஹோலுக்குள் (குழிக்குள்) உருட்டித் தட்டுவதற்கே, ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு ரேஞ்சுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக் கம்பளத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, மூன்றடி தூரத்திலிருந்து தினம் பத்து நிமிஷம் தட்டுங்கள். ஹோலின் அகலம் 108 மில்லிமீட்டர். டம்ளர் வாய் அதைவிடச் சின்னது.

பந்து எந்தப் பக்கம் தப்புகிறது என்று, கிளப் பையைச் சுமந்து கூடவே வரும் கேடியிடமும் கேளுங்கள். 2009-இல் இந்தியன் ஓபனை வென்ற சி. முனியப்பா இந்த ஊரில் கேடியாக இருந்தவர்தான். கேடிகளின் கண் அப்படி.

சனிக்கிழமை காலையில் உங்கள் கிளப்களைக் கொண்டுவாருங்கள். க்ரிப் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. டிரைவர் பேச்சை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அல்சூர் கடையிலிருந்து